மூன்று ஹாரன்களும் கொஞ்சம் பஞ்சும்

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குப் பை கிடக்கிறது. அதற்குள் மூன்று பித்தளை ஹாரன்கள் இருக்கின்றன. அவற்றை எங்கள் லாரியில் மாட்டலாமா, கூடாதா? ஐந்து மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர், "நீதான் படிச்சவ, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். நானும் பதினொன்றாம் வகுப்பு வரை படித்த பாடங்களை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். இது எதிலும் வரவில்லை.

பையைக் கொடுத்துவிட்டுப் போனவர் ஹாரன் பாய். நாமக்கல்லில் வாழ்நாள் முழுக்க ஒரு தப்பும் செய்யாத மனிதர் அவர் ஒருவர்தான். இது என் அபிப்பிராயம் இல்லை, அவருடையது. டீ கொட்டினால் அது டம்ளரின் தப்பு. சைக்கிள் பஞ்சரானால் ரோட்டின் தப்பு. ஒரு தடவை சுத்தியலால் தன் விரலில் தானே அடித்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து போய், சுத்தியல் விற்ற கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தார். "என் தப்பு" என்ற இரண்டு வார்த்தைகளை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பின்னால் ஒரே ஒரு முறை சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் தெரு, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தகரம் அடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில், ஒரு மர ஸ்டூலில், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள். கைலி, பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி. உண்மையான பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

ஆதியில் அவர் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவர். பெருமாள் கோயில் பஜனைக்காரர்கள், சர்ச்சில் பாடுகிறவர்கள், தர்காவில் பாட வருகிறவர்கள், நாடகக்காரர்கள் எல்லோருடைய பெட்டியும் அவரிடம்தான் வரும். ஒரு மார்கழியில் பஜனைக்காரரும் சர்ச்காரரும் ஒரே நேரத்தில் வந்து, என் பெட்டிதான் அவசரம், உன் பெட்டிதான் அவசரம் என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். பாய் இரண்டு பெட்டியையும் துணி போட்டு மூடி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் வாசித்துக் காட்டினார். "எது உங்களுதுன்னு சத்தத்த வச்சுச் சொல்லுங்க. சரியாச் சொல்றவருக்கு முதல்ல." இரண்டு பேரும் வெகு நிச்சயமாகச் சொல்லி, பெட்டியை உறையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் சொன்னதும் தவறு. அந்த வருஷம் திருப்பாவையும் கிறிஸ்துமஸ் பாட்டும் பெட்டி மாறித்தான் நடந்தன. தை மாதம்வரை யாருக்கும் தெரியவில்லை.

"நீங்களாவது சொல்லக் கூடாதா பாய்?" என்று கேட்டதற்கு, "நான் எதுக்குங்க சொல்லோணும்? அவங்க காதுதானுங்க தப்பு" என்றாராம்.

ஊரில் ஆர்மோனியம் பத்துப் பதினைந்துதான். லாரியோ தினமும் பெருகியது. டிரைவர் கதவோரம் ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துகிற ஹாரனுக்குள்ளேயும், ஆர்மோனியத்தில் இருப்பது போலவே ஒரு பித்தளை நாக்குதான் இருக்கிறது. அதை அரத்தால் உரசினால் சத்தம் மாறும். பாய் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து லாரி எதுவும் வெறுமனே கத்தியதில்லை. லாரிக்கு மூன்று ஹாரன், மூன்றும் மூன்று சுதி. வரிசையாக அமுக்கினால் ஒரு துண்டு ராகம் வரும். ஒரு லாரியின் ராகம் இன்னொன்றுக்கு வராது. அது அவர் சட்டம்.

ஐந்து லாரி வைத்திருந்த ஒரு முதலாளி, ஐந்துக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்று வந்தார்.

"உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்க?"

"அஞ்சு பாய்."

"அஞ்சுக்கும் ஒரே பேரா வச்சீங்க?"

முதலாளி சேலத்துக்குப் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

ராகம் எதுவென்று தீர்மானிக்க டிரைவரை விசாரணை செய்வார். போலீஸ் ஸ்டேஷன் தோற்றுப்போகும். "ஊட்டுக்கு வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?" "சோறு திம்பேனுங்க." "அதுக்கு முந்தி?" "கை கழுவுவேனுங்க." "அதுக்கும் முந்தி?" டிரைவர் தலையைச் சொறிந்து, கடைசியில் வெட்கத்தோடு, "சின்னப் புள்ளையத் தூக்கி மேல போட்டுப் புடிப்பேனுங்க" என்பார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, அரை மணி நேரம் போச்சு" என்று திட்டிவிட்டு, மேலே போய் இறங்குகிற மாதிரி ஒரு ராகம் உரசிக் கொடுப்பார்.

இதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. லாரி தெரு முனைப் புளியமரத்தில் திரும்பும்போது டிரைவர் ஹாரனை அமுக்குவார். எந்த வீட்டு ஆள் என்று தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுப் பெண் உடனே உலை வைப்பாள். லாரியை ஓரங்கட்டி, தார்ப்பாய் மடித்து, குளித்து வருவதற்குள் சோறு வெந்திருக்கும். ஹாரன் கேட்டால் உலை. கல்யாணமாகி வந்த முதல் வாரம் நான் எல்லா ஹாரனுக்கும் உலை வைத்துவிட்டேன். மூன்று நாள் பழைய சோறு தின்றோம்.

பக்கத்து வீடு செல்லம்மா அக்காவுடையது. நடுவில் ஒரு சுவர்தான். அவர் வீட்டுக்காரர் ராசு அண்ணன், நாமகிரிப்பேட்டை மஞ்சளை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரைவர். குழந்தைகள் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் எங்கேயோ பாலம் அடித்துக்கொண்டு போய், அண்ணன் லாரி ஒன்பது நாள் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றது ஒரு சர்தார்ஜியின் லாரி. இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே வார்த்தை டீசல். ஆனாலும் சர்தார்ஜி ரொட்டி தட்டும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாட, அண்ணன் சும்மா இருக்க முடியாமல் காலி டின்னில் தாளம் போட, ஒன்பதாம் நாள் பாலம் சரியானபோது இரண்டு பேரும் போக மனமில்லாமல் இன்னும் ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்களாம்.

அடுத்த மஞ்சள் சீசனில் சர்தார்ஜி நாமகிரிப்பேட்டைக்கு லோடு ஏற்ற வந்தார். அண்ணன் அவரை நேராகப் பாயிடம் இழுத்துக்கொண்டு போனார். "ரெண்டு லாரிக்கும் இவரு பாட்டு வேணும் பாய். ஒரே மாதிரி."

"முடியாதுங்க."

"இவரு இருக்கறது அந்தக் கோடி, நான் இருக்கறது இந்தக் கோடி."

"எந்தக் கோடியா இருந்தாலும் முடியாதுங்க."

என் வீட்டுக்காரர் அப்போது அங்கே லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார். சர்தார்ஜி இந்தப் பேச்சு எதுவும் புரியாமல், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஆர்மோனியத்தைத் தன் பக்கம் நகர்த்தி, துருத்தியைத் தள்ளிப் பாட ஆரம்பித்தாராம். அவர்கள் கோயிலில் சின்ன வயசிலிருந்து வாசித்த பழக்கம் போல. தகரம் அடிக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சுத்தியலைக் கீழே வைத்திருக்கிறார்கள். பாய் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் அவர் காதின் உட்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை என்பார் என் வீட்டுக்காரர்.

பாட்டு முடிந்ததும் பாய் அரத்தைக் கையில் எடுத்தார். அந்தப் பாட்டில் ஓரிடம் மேலே போய், கொஞ்சம் நின்று, இறங்கும். அந்த மூன்று சுரத்தை எடுத்து ஆறு ஹாரனை உரசினார். இரண்டு லாரிக்கும். சட்டம் என்னாச்சு என்று யாரோ கேட்டதற்கு, "இது ரெண்டும் ஒரே லாரிதானுங்க. பாதி பாதியா ஓடுது" என்றார். தப்பு அவர் மேல் வராமல் பார்த்துக்கொண்டார்.

ராசு அண்ணன் நாலு வருஷம் அந்த ஹாரனை அடித்துக்கொண்டு புளியமரத்தில் திரும்பினார். பிறகு ஒரு புரட்டாசியில் லாரி புக்கிங் ஆபீசுக்கு டிரங்கால் வந்தது.

லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இடப்பக்கமாகக் கவிழ்ந்திருந்ததால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. வலப்பக்கக் கதவோரம் இருந்த மூன்று ஹாரன்களிலும் ஒரு கீறல் இல்லை. அண்ணன் தூக்கி எறியப்பட்டிருந்தார். அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அண்ணனின் முதலாளி லாரியைச் சேலத்தில் ரிப்பேர் பார்த்து மலிவாக விற்றார். வாங்கியவர் என் வீட்டுக்காரர். அவருக்குச் சொந்த லாரி என்பது பத்து வருஷக் கனவு. எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவும் இல்லை. என் மகள் அப்போது நாலு மாதக் குழந்தை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு எழுந்துவிடுவாள். எழுந்து அழுதால் எதனால் அழுகிறாள் என்று பயப்படுவேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் ஒன்றுக்கு மட்டும் பயப்படுகிறேன் என்றால் யார் கேட்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் லாரியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, நடுப்பகல், இவர் புளியமரத்தில் திரும்பி, வழக்கப்படி ஹாரனை அமுக்கினார். இவருக்கு எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சந்தோஷம். வேறெதுவும் தோன்றவில்லை. மேலே போய், கொஞ்சம் நின்று, இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் குழந்தையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா உலையில் தண்ணீர் ஊற்றி, விறகைத் தள்ளிவிட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து லாரியைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொதித்தது. அரிசி போடவில்லை. கொதித்து, வற்றி, பாத்திரம் கருகுகிற வாசம் வந்தபோது எழுந்து இறக்கி வைத்தார்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பாயிடம் போனேன். "அந்தச் சத்தம் இனிமேல் இருக்கக் கூடாது பாய். மாத்திக் குடுங்க."

பாய் பஞ்சுக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார். "உரசினா உரசினதுதானுங்க அம்மிணி. மறுபடி மொளைக்கறதுக்குப் பித்தளை என்ன தலைமயிரா? செல்லம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"மாத்தச் சொன்னாங்க."

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் கேட்கவே இல்லை. கேட்பது கொடுமை என்று நினைத்தேன். அவருக்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற லாரி செத்துப்போனவர் குரலில் வருகிறதே என்ற பயமும் உள்ளே இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாய் மூன்று நாக்கையும் கழற்றி உரசினார். ஒவ்வொன்றுக்கும் நாலே இழுப்பு. பித்தளைத் தூள் அவர் கைலியில் விழுந்தது. ஊதிப் பார்த்தார். ஏதோ ஒரு புது ராகம். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் குழாயடியில் அக்கா கேட்டார். "ஏஞ் சாமி, உங்க லாரி இப்ப வேற மாதிரிக் கத்துதே?"

"ஆமாங்கக்கா. தேஞ்சிருச்சு போல."

அக்கா குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார். "அன்னைக்கு மொத நாளு வந்துச்சில்ல. கேட்டதும் கை தானா உலை வச்சிருச்சு. வச்சப்புறம் தெரியுது, அவுரு இல்லீன்னு. ஆனா எறக்கலை. அந்தத் தண்ணி கொதிக்கற வரைக்கும் அவுரு வந்துட்டிருந்தாரு சாமி. தார்ப்பாய் மடிக்கறாரு, கை கால் கழுவறாரு. நெசமாட்டமே இருந்துச்சு." குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அடுத்த லோடு எப்ப வரும், எப்ப வரும்னு இருந்தேன். வந்துச்சு. வேற யாரோ வந்தாங்க."

நான் பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார், அழுதுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர் பாதியிலேயே பஞ்சை இன்னும் கொஞ்சம் எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டார். பிறகு எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் தெருவுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். பாய் நடுத்தெருவில் நின்றபடி, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார். "உங்கூட்டுக்காரரு ஹாரன நாந்தானுங்க உரசிப்புட்டேன். துரு எடுக்கறேன்னு எடுத்து, கை தவறிப் போச்சுங்க. என் தப்புங்க."

பக்கத்துப் பட்டறையில் அடித்துக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. ஒருவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பாய் தப்புச் செய்தார் என்பதல்ல, ஒத்துக்கொண்டார் என்பது சாயங்காலத்துக்குள் மோகனூர் ரோடு வரைக்கும் போய்விட்டது. "பாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

செய்யாத தப்பைத் திருத்தக் கிளம்பினார் பாய். புது நாக்கு வாங்கி உரசி உரசி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார். அக்கா தலையை ஆட்டுவார். இல்லை. கிட்டத்தில் இருக்குது, ஆனா இல்லை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஊரிலேயே நல்ல காது என்று பேர் வாங்கினவருக்கு மூன்றே சுரம் அகப்படவில்லை. "நாலு வருசம் அது உங்கூட்டுக்கு வந்துச்சுங்க. என் காதுக்கு அரை நாள்தான் வந்துச்சு" என்றார் அக்காவிடம்.

அந்தப் பாட்டை ஊர் கேட்டது அந்தச் சர்தார்ஜி ஒருவரிடம்தான். அவர் விலாசம் அண்ணனோடு போய்விட்டது.

மஞ்சள் சீசன் வந்ததும் பாய் ஆர்மோனியத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நாமகிரிப்பேட்டைக்கு மிதித்துப் போனார். மண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, தலைப்பாகை கட்டிய டிரைவர் வந்தால் ஆர்மோனியத்தைத் திறப்பார். பாஷை தெரியாது. பாய்க்குக் குரலும் கிடையாது. அவர் பாடினால் கியர் விழாத லாரி மாதிரி இருக்கும். அதனால் வாசிப்பார், நடுவில் நிறுத்தி, "இதுக்கு மேல?" என்று கையால் கேட்பார். டிரைவர்கள் ஆளுக்கொரு பாட்டைப் பாடுவார்கள். ஒன்றும் அது இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து ஒருவர் ரொட்டி கொடுத்திருக்கிறார். பாய் அதைத் தின்றுவிட்டு, "சுதி தப்பு" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நாளாக ஆக அங்கே ஒரு கூட்டமே சேர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், பம்பாய்ப் பக்கத்துக் கிளீனர்கள், பழைய பஜனைக்காரர், அவரோடு சண்டை பிடித்த சர்ச்காரர், எல்லோரும் காலிச் சாக்கில் உட்கார்ந்து, அது இப்படிப் போகுமா அப்படிப் போகுமா என்று முனகிப் பார்ப்பார்கள். செத்துப்போன ஒரு மனிதனின் லாரி ஹாரனைத் தேடுகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏதோ திருவிழாவுக்கு ஒத்திகை என்று நினைத்தார்கள்.

ஆனால் அந்த வருஷங்களில் தலைப்பாகைக்காரர்கள் வருவதே குறைந்துபோயிருந்தது. பஞ்சாபிலும் டெல்லியிலும் என்ன நடந்தது என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு சீசன் போயிற்று. இரண்டு போயிற்று. "ஒருவேளை அவரும்" என்று நான் ஒருநாள் ஆரம்பித்தேன். பாய் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்.

போன வருஷம் பங்குனியில், காலை பதினொரு மணி இருக்கும். மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். புளியமரத்துப் பக்கம் மேலே போய், கொஞ்சம் நின்று, இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம்.

வெளியே வந்தால், கறுப்புக் குஞ்சம் கட்டின வடநாட்டு லாரி ஒன்று நிற்கிறது. நரைத்த தாடியோடு ஒருவர் வெல்லப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "ராசு, ராசு" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா வாசலுக்கு வந்தார். சர்தார்ஜி அவர் நெற்றியைப் பார்த்தார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

நான் ஓடிப்போய்ப் பாயைக் கூட்டி வந்தேன். அக்கா உள்ளேயிருந்து சொன்னார். "சோறு ஆயிருச்சுங்க பாய். அவர சாப்புடச் சொல்லுங்க."

அந்த உலையில் அரிசி போட்டிருந்தார்.

சோறும் கொள்ளுப் பருப்பும். சர்தார்ஜி ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். தாடி நனைந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. பிறகு பாய் ஆர்மோனியத்தை அவர் முன்னால் வைத்தார். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அவர் முழுப் பாட்டையும் பாடினார். தெருப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்று சுரம் வந்த இடத்தில் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. தாண்டிப் போய், மறுபடி அங்கே வந்து, மறுபடி தாண்டிப் போயிற்று.

அக்கா என் காதருகே சொன்னார். "அந்த மூணு சத்தத்துக்கு முன்னயும் பின்னயும் இத்தனை இருந்துச்சா சாமி? அவுரு சொல்லவே இல்லை."

சர்தார்ஜி ஸ்பேனரை எடுத்துத் தன் லாரியின் மூன்று ஹாரன்களையும் கழற்றிப் பாய் மடியில் வைத்தார். பாய் அவருக்கு வேறு மூன்று மாட்டிக் கொடுத்தார். லாரி புளியமரத்தில் திரும்பும்போது அதை அமுக்கினார். பாய் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, அது கேட்காமல் போகும்வரை நின்றார்.

கழற்றிய மூன்றும் எங்கள் லாரிக்கு என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. வேறெதில் மாட்டுவது? ராசு அண்ணன் லாரியே அதுதானே. இவர் லோடு இறக்கிவிட்டு வந்தார். இந்தத் தடவை வேண்டாம், அடுத்த தடவை என்றேன். அடுத்த தடவை குழந்தைக்குக் காய்ச்சல் என்றேன். அதற்கடுத்த தடவை ஆடி மாதம் என்றேன். பாய் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை உண்மையைச் சொன்னேன். "பயமா இருக்குது பாய். அந்தச் சத்தத்தோட போனவரு திரும்பி வரலை. இதை மாட்டி இவரை எப்படி அனுப்புவேன்? மாட்டலாம்னு நீங்க சொல்லுங்க, மாட்டிடறேன்."

பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நான் சொல்லி, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தப்பாயிருமுங்க அம்மிணி. எனக்குத் தப்புப் பண்ணிப் பழக்கமில்லீங்க. ஒருக்கா பண்ணினது போதும்."

ஐப்பசியில் பாய் இறந்துபோனார். படுத்தது மூன்று நாள்தான். அடக்கம் பண்ணின அன்று லாரிக்காரர்கள், அவர் காதுக்கு மரியாதையாக, எங்கள் தெருவில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எந்த லாரி யாருடையது என்று தெரியாமல் அன்றைக்கு ஒரு வீட்டிலும் நேரத்துக்குச் சோறு ஆகவில்லை.

மறுநாள் பட்டறைக்காரர் அந்தச் சாக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மிணிகிட்டக் குடுத்துருன்னாருங்க. வேற ஒண்ணும் சொல்லலீங்க." பிரித்துப் பார்த்தேன். மூன்று ஹாரன். கை பட்டு எதுவும் கத்திவிடாதபடி, ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைத்திருந்தது.

போன வாரம் நான் கவனிக்காத நேரத்தில் மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். ஒரு ஹாரனின் பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் பந்தை அமுக்கினாள். மேலே போகிற முதல் சுரம். அடுத்த வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அம்மி மறுபடி ஓட ஆரம்பிக்க வெகு நேரமாயிற்று. மிச்ச இரண்டுக்காக அக்கா காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இவர் வருகிற வெள்ளிக்கிழமை நாக்பூர் லோடுக்குக் கிளம்புகிறார். எனக்கு மாமனார் மாமியார் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த பாயும் பதில் சொல்லாமல் போய்விட்டார். இதைப் படிக்கிறவர்களில் டிரைவர் வீட்டுப் பெண்கள் இருப்பீர்கள், எங்களைவிட மூத்தவர்கள் இருப்பீர்கள். மாட்டலாமா, கூடாதா? அக்காவிடம் அது பாயின் தப்பு இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு மாட்டுவதா, மாட்டிவிட்டுச் சொல்வதா? ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். அதுவரைக்கும் அந்தப் பஞ்சை எடுத்த இடத்திலேயே திரும்ப அடைத்து வைத்திருக்கிறேன், அவர் அடைத்திருந்த மாதிரியே.